டைட்டானியத்தின் பிடிவாதம்

எஃகைவிட எடை குறைந்த டைட்டானியத் தகட்டில் ஓர் ஓட்டை போடச் சொன்னால் லேத் பட்டறைக்காரர்கள் ஏன் சலித்துக்கொள்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மடக்குக் கத்திக்குச் சொந்தமாகப் பிடி செய்யப் போகிறாராம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சிக்கல் எடையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. கத்தி செய்வோர் பெரும்பாலும் வாங்குவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த 'கிரேடு 5' தகடு. சாம்பாரில் கிடந்த அலுமினியக் கரண்டியின் காம்பு கையைச் சுடும். எவர்சில்வர் கரண்டியை எங்கள் வீட்டில் வெறுங்கையால்தான் எடுப்போம். இந்தத் தகடோ எவர்சில்வர் அளவுக்குக்கூட வெப்பத்தைக் கடத்தாது. சூடெல்லாம் டிரில் பிட்டின் முனையிலேயே தங்கி அதை மழுக்கிவிடும். மழுங்கிய பிட் வெட்டாது, தேய்க்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் சூடேறும். கூரான கார்பைடு பிட், குறைந்த வேகம், தயங்காத அழுத்தம், தாராளமாகக் கூலன்ட். இதில் சிக்கனம் பார்த்தால் பிட்டும் போகும், தகடும் போகும்.

விறைப்பிலும் இது எஃகில் ஏறக்குறைய பாதிதான். கட்டர் தொட்டால் மெல்லிய தகடு விலகும், கடந்ததும் திரும்பி வந்து உரசும். கடைசல்காரரைப் படுத்தும் இந்தக் குணத்தைத்தான் கத்திக்காரர்கள், விரித்த அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டாக்கினார்கள். அமெரிக்கர் மைக்கேல் வாக்கர் 1980களில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய உள்தகட்டைப் பூட்டாக்கினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் ரீவ், பிடித் தகட்டையே பூட்டாக்கினார். மூன்று, நான்கு மில்லிமீட்டர் தகட்டில் நீளவாக்கில் ஒரு கீறல். ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்கும் பட்டை. அதன் அடியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மிஞ்சும்வரை குடைந்து, பட்டையைச் சற்றே உள்பக்கம் வளைக்கிறார்கள். கத்தியை விரித்ததும் பட்டையின் நுனி எஃகு அலகின் பின்னால் 'டக்'கென்று பாய்ந்து நிற்கும். தனியாக ஸ்பிரிங் கிடையாது. டைட்டானியம் எஃகோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அந்த நுனியில் மட்டும் மின்பொறியால் டங்ஸ்டன் கார்பைடு ஏற்றுவோரும் உண்டு.

ஓரங்களைச் சாணை பிடிப்பது எளிதாகத் தோன்றினாலும் கவனம் தேவை. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பொறி பறக்கும்; நுண்ணிய தூள் தீப்பிடிக்கும். தூளைச் சாணையடியில் சேரவிடாதீர்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ இன்னும் மூர்க்கமாகும். நன்றாக உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்திலேயே இருக்கட்டும்.