கிராமத்துல வீடு தேடுறீங்களா? புரோக்கர்கிட்ட முதல்ல இதைப் பேசுங்க

வேலை திருச்சியிலயோ சென்னையிலயோ, ஆனா குன்றாண்டார்கோவில் பக்கம் சின்னதா ஒரு வீடு வேணுமா? அங்க உங்களுக்குக் கிடைக்கிறவர் பெரும்பாலும் டீக்கடையில உட்கார்ந்திருக்கிற உள்ளூர் புரோக்கர்தான். அவர்கிட்ட ரெரா நம்பர் கேட்டுப் பயனில்லை. 2016 ரெரா சட்டம், பதிவான திட்டங்கள்ல மனை, ஃபிளாட் விற்கிற ஏஜென்ட்டுக்குத்தான். பழைய ஒத்தை வீட்டுக்கு அது வராது.

கமிஷன் வழக்கமா 1 அல்லது 2 சதவீதம். பணம் போற இடம் அது இல்லை. ஓனர் 7 லட்சம் சொல்லியிருப்பார், உங்க காதுக்கு 8 லட்சம்னு வரும். அதனால விலையை ஓனர்கூட நேர்ல உட்கார்ந்து பேசுங்க. "நீங்க வர வேண்டாம் தம்பி, நான் முடிச்சுத் தர்றேன்"னு சொன்னா உஷார்! அட்வான்ஸ் ஓனர் பேங்க் கணக்குக்கு மட்டும். கமிஷன் கிரயம் முடிஞ்ச அன்னைக்கு.

ஊருக்குள்ள மனை பெரும்பாலும் நத்தம். பட்டா இறந்துபோன தாத்தா பேர்ல இருந்தா எல்லா வாரிசும் கையெழுத்து போடணும், கட்டிக்கொடுத்த அத்தைகளும் சேர்த்து. "அவங்க பங்கு கேட்க மாட்டாங்க"ன்னு புரோக்கர் சொல்வார். கேட்பாங்க. குடைவரைக் கோவில் இருக்கிற ஊர் வேற, சர்வே எண் கோவில் நிலமான்னும் பார்த்துடுங்க. 30 வருஷ வில்லங்கம் நீங்களே ஆன்லைன்ல போடுங்க.

8 லட்சம் மதிப்புக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 72,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1-லேர்ந்து, 10 லட்சம் வரைக்கும் பெண்கள் பேர்ல வாங்கினா பதிவுக்கட்டணத்துல 1 சதவீதம் குறையுது. அம்மா பேர்ல பதிஞ்சா 8,000 ரூபாய் மிச்சம்.