வாவியை வலம் வருதல்

எழுவான்கரை, படுவான்கரை என்னும் பெயர்களை அறியாதார் நம் பகுதியில் இலர். ஆயினும் இரு கரைகளையும் ஒரே பயணத்திற் கண்டார் மிகச் சிலரே. கல்முனைக்கு மேற்கே தொடங்கி மட்டக்களப்பு நகருக்கு அப்பாலும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது நம் வாவி. அதன் தென் பெரும்பகுதியை ஏழு நாளிற் படகேறி வலம் வருதற்குரிய திட்டமொன்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இங்கிலாந்தில் ஒடுங்கிய படகுகளில் வாய்க்கால்வழிச் சுற்றுலாச் செல்வோர் கணக்கிடும் முறை நமக்கும் பயன்படும். அங்கு நான்கு கவுண்டி வளையம் எனப்படும் சுற்றுவழி 110 மைல் நீளமுடையது. நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகைக் கடத்தும் மதகுகள் அவ்வழியில் 94 உள. ஒரு மதகை ஒரு மைலாகக் கொண்டு, மணிக்கு 3 மைல் வீதம் கணக்கிடின், சுற்றி முடிக்க 68 மணி நேரம் செல்லும். அஃதாவது, நாள்தோறும் ஏறத்தாழப் பத்து மணி நேரம் படகோட்டினாலன்றி ஒரு வாரத்தில் முடியாது. தூரத்தோடு தடைகளையும் எண்ணுக என்பதே இதனாற் பெறும் பாடம். நம் வாவியில் மதகுகள் இல்லை. காற்று, ஆழமின்மை, மீனவர் வலை, தாம்போதி ஆகியனவே நமக்குரிய தடைகள்.

முதலிற் காலம். மாரியில் வெள்ளம் பெருகி, பெரியகல்லாற்றிலும் பாலமீன்மடுவிலும் உள்ள முகத்துவாரங்களை நோக்கி நீர் விசையுடன் ஓடும். ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று அலைக்கும், நீரும் வற்றும். பங்குனியின் பிற்பகுதியும் சித்திரையுமே ஏற்றவை. அப்போதும் பிற்பகலில் இடிமழை வரக்கூடும். ஆதலின் விடியலிற் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் துறை சேர்தல் வேண்டும்.

அடுத்தது வழி. கிட்டங்கித் தாம்போதிக்கு வடக்கே படகேறிப் படுவான்கரை வழியே வடக்கு நோக்கிச் சென்று, எழுவான்கரை வழியே மீளுவதே முறை. வாவி நம் வலப்புறம் இருத்தலால் இது வலமாகும். வேறொரு நன்மையும் உண்டு. படுவான்கரையிற் கடைகள் குறைவு. கட்டிச் சென்ற பொருள் நிறைந்திருக்கும்போதே அக்கரையைக் கடந்துவிடலாம்.

முதல் நாள் மண்டூர். முருகன் கோயிலைத் தரிசித்துத் தங்கலாம். இரண்டாம் நாள் பட்டிருப்புப் பாலத்தின் கீழாகச் சென்று அம்பிலாந்துறை. மூன்றாம் நாள் மண்முனை கடந்து மட்டக்களப்பு. நான்காம் நாள் ஓய்வு. காற்றினால் ஒரு நாள் தடைப்பட்டால் அதனை ஈடுசெய்வதும் இந்நாளே. ஆதலின் இதனை விட்டுவிடலாகாது. போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1638 இற் கைப்பற்றிய கோட்டையைப் பகலிற் காணலாம். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் சமாதி கல்லடி உப்போடையில் உள்ளது. அன்றிரவு பூரணையாக அமையுமாறு நாட் குறித்தால், கல்லடிப் பாலத்தருகே மீனிசையைக் கேட்க முயலலாம். ஐந்தாம் நாள் காத்தான்குடி. ஆறாம் நாள் களுவாஞ்சிகுடி. ஏழாம் நாள் கல்லாறு, துறைநீலாவணை வழியே வீடு. வளைவுகளுடன் 90 கிலோமீற்றர் எனக் கொண்டாலும், ஓடும் ஆறு நாளில் நாளொன்றுக்கு 15 கிலோமீற்றரே. மணிக்கு 4 கிலோமீற்றர் செல்லும் தோணிக்கு அது நான்கு மணி நேர வேலை.

வாவிநீர் உவர்நீராதலின் குடிநீரை உடன்கொண்டு செல்க. ஒவ்வொருவருக்கும் மிதப்பங்கி இன்றியமையாதது. முதலைகள் உண்டு, ஊரார் குளிக்குமிடத்தன்றிப் பிறவிடத்து நீரில் இறங்கற்க. பாலங்களின் உயரத்தை முன்னரே அறிந்து படகின் கூரையை அமைத்தல் வேண்டும். வலைகள் மீனவரின் வாழ்வாதலின் இரவில் ஓட்டுதல் தகாது. முஸ்லிம் அன்பர் உடன்வரின், வெள்ளி நண்பகலிற் பள்ளிவாசலுள்ள ஊரில் இருக்குமாறு நாட்களை ஒழுங்கு செய்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானவன் வழியறிந்த தோணிக்காரன். சம்மான் என்னும் படகுகள் தங்கிய துறையாதலாற் சம்மாந்துறை எனப் பெயர் வந்தது என்பர். அம்பிலாந்துறை, துறைநீலாவணை முதலிய பெயர்களும் நீர்வழியே சாலையாக இருந்த காலத்தை நினைவூட்டுகின்றன. போர் நடந்த ஆண்டுகளில் ஒரு கரையார் மறுகரை செல்லுதல் அரிதாயிற்று. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டபின் போக்குவரத்து எளிதாயிற்று. அதனை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் பாலத்தால் விரைந்து செல்வோன் எங்கே மணற்றிட்டு, எங்கே ஆழம் என்று அறியான். அவ்வறிவு தமிழரும் முஸ்லிம்களுமாகிய முதிய மீனவர், தோணிக்காரர் நெஞ்சில் உள்ளது, ஏட்டில் எழுதப்பட்டதன்று. அவர்கள் நம்மிடையே வாழும்போதே, பழைய மாணவர் தம் மக்களையும் உடனழைத்து ஒருமுறையேனும் வாவியை வலம் வருவாராக. துறைதோறும் கேட்டறிந்தவற்றைக் குறித்துக் கொணர்ந்தால், அடுத்த விழா மலருக்கு அதனினும் சிறந்த கட்டுரை வேண்டுவதில்லை.