மாதிரி ரயில் இன்ஜினின் சக்கரம் ஏன் ஆடுகிறது?

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ மாதிரி ரயில் இருக்கிறதா? அடுத்த முறை அதை மெதுவாக ஓடவிட்டு, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சில இன்ஜின்கள் வாத்து நடப்பதுபோல் இடமும் வலமும் அசைந்து போகும். சில, குண்டும் குழியுமான சாலையில் போகும் வண்டிபோல் ஏறி இறங்கும். இன்னும் சில, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கி நின்று மறுபடி நகரும். மூன்றையும் ‘சக்கரம் ஆடுகிறது’ என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். எது என்று தெரியாமல் கை வைத்தால் இருப்பதும் கெட்டுப்போகும்.

முதலில் அளவைப் பார்ப்போம். பரவலாக விற்கப்படும் ‘எச்ஓ’ வகை மாதிரி ரயில்கள் உண்மை ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1,435.5. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஓடும் எம்ஆர்டி ரயில்களின் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர்தான்!

இப்போது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரம், அச்சில் 1 பாகை மட்டும் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முக்கோணவியல் படித்தவர்கள் 20-ஐ சைன் 1 பாகையால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர். சக்கரம் சுழலும்போது அதன் ஓரம் அவ்வளவு தூரம் இங்கும் அங்கும் போய்வரும். உண்மை ரயிலின் அளவில் அது 3 சென்டிமீட்டர்! சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்துவைக்கும் விளிம்போ பல மாதிரிகளில் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. ரயில் தடம் புரள்வதில் என்ன வியப்பு?

சைக்கிள் கடையில் ரிம்மின் கோட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு முனையை அசையாமல் வைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு இடைவெளியைக் கவனிப்பார்கள். இங்கும் அதே வழிதான். களிமண் உருண்டையில் ஓர் ஊசியைக் குத்தி, சக்கரத்தின் ஓரத்துக்கு அருகில் நிறுத்துங்கள். சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஊசிக்கும் சக்கரத்தின் பக்கத்துக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால், சக்கரம் அச்சில் சாய்ந்திருக்கிறது. ஊசியை மேலே வைத்துப் பார்க்கும்போது இடைவெளி மாறினால், அச்சுத் துளை மையத்தில் இல்லை. அந்தச் சக்கரத்தை மாற்றுவதே நல்லது. அச்சே வளைந்திருக்கவும் கூடும். சந்தேகம் இருந்தால் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மீது உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் வளைவு உறுதி.

சாய்ந்த சக்கரத்தைச் சரிசெய்யலாம். சக்கரத்தின் துளை, அச்சைவிட இம்மியளவு சிறியது. அழுத்தி ஏற்றும்போது துளை சற்று விரியும்; பழைய அளவுக்குத் திரும்ப முயலும் அந்த விசையே அச்சை இறுகப் பிடிக்கிறது. உண்மை ரயிலின் சக்கரத்தையும் இதே தத்துவத்தில்தான் பெரிய அழுத்த இயந்திரம் கொண்டு ஏற்றுகிறார்கள். ஆகவே சக்கரத்தைக் கழற்றி, துளையைத் துடைத்து, பட்டறைப் பிடியின் இரு தாடைகளுக்கு நடுவே வைத்து நேராக அழுத்துங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். பிறகு இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேராக இருக்கிறது.

பழைய இன்ஜின்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இரு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரு முனைகள். இடது, வலது சக்கரங்களை ஒரே உலோக அச்சு இணைத்தால் மின்சுற்று குறுக்கிட்டுவிடும். அதனால் பல மாதிரிகளில் அச்சை இரண்டாக வெட்டி, நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயால் இணைத்திருப்பார்கள். அச்சை இறுகப் பிடித்திருக்கும் அந்தக் குழாய், பெட்டியில் சும்மா இருக்கும்போதும் விரிந்த நிலையிலேயே இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் அப்படி இழுபட்டால் ஒருநாள் நீளவாக்கில் விரிசல் விடும். பிடிமானம் போய்விடும்.

என்னிடம் வந்த பழைய நீராவி இன்ஜின் ஒன்றில் இப்படித்தான் ஆனது. நானும் அவசரப்பட்டு சூப்பர் குளூ போட்டேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி ஆட்டம். போதாததற்குப் பசை வழிந்து பக்கத்தில் இருந்த பற்சக்கரத்தையும் கெடுத்துவிட்டது. புதுக் குழாய் வாங்கி மாற்றியிருந்தால் இரண்டு செலவு ஆகியிருக்காது.

குழாயை மாற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. நீராவி இன்ஜினின் சக்கரங்களை வெளிப்பக்கத்தில் ஒரு தண்டு இணைக்கும். இடப்பக்கத் தண்டு பொருந்தும் முளைக்கும் வலப்பக்க முளைக்கும் இடையே கால் சுற்று, அதாவது 90 பாகை, வித்தியாசம் இருக்கும். ஒரு பக்கத் தண்டு தள்ள முடியாத நிலைக்கு வரும்போது மறுபக்கத் தண்டு கைகொடுக்கும். மாதிரி இன்ஜினில் இது துல்லியமாக 90 ஆக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 88 என்றால் எல்லா அச்சுகளிலும் 88 ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் அச்சு மட்டும் மாறினால் தண்டு இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இன்ஜின் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

எல்லாம் பொருத்தியதும் மோட்டாரை மட்டும் கழற்றிவிட்டு, சற்றுச் சாய்த்த தண்டவாளத்தில் இன்ஜினை உருளவிடுங்கள். தானாக இறங்கினால் மோட்டாரைப் பொருத்தலாம். எங்காவது நின்றால் அப்படியே விட்டு, எந்த அச்சின் முளை மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். அந்த அச்சை மட்டும் கழற்றி, சக்கரத்தை மயிரிழை அளவு திருப்பி, மறுபடி உருட்டுங்கள்.