போறேன் இல்லே... போயிட்டு வரேன்!

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் என் பாட்டிக்குப் பொல்லாத கோபம் வரும். "என்னடா அபசகுனமா... போயிட்டு வரேன்னு சொல்லு!" என்று வாசல்வரை வந்து திருத்துவாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்திருப்பாள்.

இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்களும் நம்ம கட்சிதான். காலையில் ஆபீஸ் கிளம்புகிறவர் செருப்பு மாட்டிக்கொண்டே "இத்தேகிமாஸ்" என்பார். அர்த்தம், போயிட்டு வரேன். உள்ளே இருந்து "இத்தேராஷ்ஷாய்" என்று பதில் வரும். போயிட்டு வா!

ஆனால் ஜப்பானில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரன் ஏர்போர்ட்டில் இதை வாயால் சொன்னால் செல்லாது. காகிதத்தில் காட்ட வேண்டும். அந்தக் காகிதத்துக்குப் பெயர்தான் ரீ-என்ட்ரி பர்மிட். ஜப்பானிய மொழியில் "சாய்ன்யூகோக்கு க்யோகா". நான் இதைத் தடுக்காமல் சொல்லப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று.

விஷயம் ரொம்ப சிம்பிள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் இல்லையா? டீ குடிக்க இறங்கினாலும் துண்டு இருக்கும்வரை ஸீட் நம்முடையது. ரீ-என்ட்ரி பர்மிட் அந்தத் துண்டு. துண்டு போடாமல் இறங்கினால், அதாவது பர்மிட் இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால், அந்த நிமிஷமே உங்கள் விசா காலி. பத்து வருஷம் வரி கட்டியிருக்கலாம், பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகலாம், அடுப்பில் பால் பாத்திரம்கூட இருக்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். மறுபடி வர வேண்டுமானால் புது ஆளாக முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

நாங்கள் டோக்கியோ போனது 1997-ல். அப்போதெல்லாம் நாலு நாள் சென்னை போய் வருவதென்றாலும் குடியேற்ற ஆபீசுக்கு நேரே போய் பர்மிட் வாங்கித்தான் தீரவேண்டும். எத்தனை நேரம் ஆகுமோ என்று என் மனைவி புளியோதரை கட்டி எடுத்து வந்துவிட்டாள். டப்பாவைத் திறந்ததும் பக்கத்து பெஞ்சிலிருந்த பிரேசில்காரர், பிலிப்பைன்ஸ் பெண்மணி, இரண்டு சீன மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருங்காயத்துக்கு எந்த நாட்டிலும் விசா தேவையில்லை!

ஃபாரத்தில் ஒரு கேள்வி. ஒரு தடவை போய்வரும் 'சிங்கிள்' வேண்டுமா, எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரும் 'மல்டிபிள்' வேண்டுமா? சிங்கிள் மூவாயிரம் யென், மல்டிபிள் ஆறாயிரம்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதானே போறோம், சிங்கிள் போதாதா?" என்றேன்.

"உங்கம்மாவுக்கு சுகர், எங்கப்பாவுக்கு பி.பி. பேசாம ஆறாயிரமே கட்டுங்க" என்றாள்.

அவள் போட்ட கணக்கு மறு வருஷமே எனக்குப் புரிந்தது. எங்கள் ஆபீசில் ஒரு தஞ்சாவூர்க்காரர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து போன். அப்பா போய்விட்டார். மறுநாள் காலை விமானத்தில் இடம் இருந்தது, கையில் பணம் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்த சிங்கிள் பர்மிட்டைப் பொங்கலுக்குப் போனபோதே உபயோகித்தாகிவிட்டது. சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையும் விசாவும் போனால் என்ன செய்வது என்று மனுஷன் திங்கட்கிழமை காலைவரை உட்கார்ந்திருந்தார். மூத்த மகன். ஊரில் தம்பிதான் கொள்ளி வைத்தார். இவர் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் மல்டிபிள் இல்லாத பாஸ்போர்ட்டே கிடையாது. வீட்டில் ஸ்பேர் சிலிண்டர் வைத்திருப்பதுபோல.

'குடியிருக்கிறவன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது அவன் உரிமைதானே, இதற்கு எதற்கு அனுமதி?' என்று உங்களுக்குத் தோன்றும். ஜப்பானில் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனவர்களே இருக்கிறார்கள்.

கேத்லீன் மொரிகாவா ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஜப்பானியரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தவர். அந்தக் காலத்தில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர்கள் பதிவு செய்யும்போது இடது ஆள்காட்டி விரல் ரேகை வைக்க வேண்டும். 'நான் என்ன குற்றவாளியா?' என்று கேட்டு மறுத்தவர்கள் நிறையப் பேர். இந்த அம்மாளும் மறுத்தார். பிறகு கொரியா போய்வர ரீ-என்ட்ரி பர்மிட் கேட்டபோது, இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வழக்கு நடந்தது. ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் தற்காலிகமாக வெளிநாடு போய்வரும் சுதந்திரத்துக்கு அரசியல் சட்டத்தின் உத்தரவாதம் இல்லை என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இன்னொருவர் பியானோ கலைஞர் சோய் சுன்-ஏ. கொரிய வம்சாவளி. ஆனால் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஜப்பான். இவரும் ரேகை வைக்க மறுத்தார். 1986-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகவேண்டி வந்தபோது பர்மிட் கிடைக்கவில்லை. கிளம்பிப் போய்விட்டார். போன கையோடு, பிறந்த நாட்டிலேயே நிரந்தரமாக வாழும் அந்தஸ்து பறிபோயிற்று. 1998-ல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. சட்டத்தைத் திருத்திய பிறகு, 2000-ல்தான் அந்தஸ்து திரும்பக் கிடைத்தது. எண்ணிப் பாருங்கள், பதினாலு வருஷம்! அந்த ரேகைப் பதிவையும் அதே 2000-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். (2007 நவம்பரிலிருந்து ஏர்போர்ட்டில் வேறு ரூபத்தில் வந்துவிட்டது, அது தனிக் கதை.)

2012 ஜூலை 9-ம் தேதி எங்களுக்கெல்லாம் தீபாவளி. அன்றிலிருந்து 'மினாஷி' என்று ஒரு புது ஏற்பாடு. சின்ன வயசில் சொப்பு விளையாடும்போது "சாதம் வெந்துடுச்சுன்னு வெச்சுக்கோ" என்று சொல்வோமே, அதேதான்! நீங்கள் பர்மிட் வாங்கிவிட்டதாக சர்க்காரே வைத்துக்கொள்ளும். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் இருந்து, ஒரு வருஷத்துக்குள் திரும்புவதானால் ஆபீசுக்குப் போக வேண்டாம், யென் கட்ட வேண்டாம், புளியோதரையும் வேண்டாம்.

ஒரே ஒரு டிக் போட வேண்டும். கிளம்பும்போது நிரப்பும் அட்டையில், 'தற்காலிகமாகத்தான் போகிறேன், திரும்பி வருவேன்' என்று ஒரு கட்டம் இருக்கும். கடுகு சைஸ் கட்டம். மொத்த சமாச்சாரமும் அதில்தான் இருக்கிறது. என் மனைவி வீட்டைப் பூட்டும்போது "கேஸை மூடினீங்களா?" என்பாள், டாக்சியில் "பாஸ்போர்ட் எடுத்தீங்களா?" என்பாள், ஏர்போர்ட்டில் "டிக் போட்டீங்களா? எங்கே காட்டுங்க" என்பாள். முதல் இரண்டுக்கும் என் வாய்வார்த்தை போதும். மூன்றாவதைக் கண்ணால் பார்க்காமல் விடமாட்டாள்.

சரி, சுபம் போட்டுவிடலாமா என்றால், முடியாது. அந்த "வெச்சுக்கோ"வுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. விசா அதற்கு முன்னால் முடிந்தால் அதுவரைதான். முக்கியமாக, வெளிநாட்டில் இருந்துகொண்டு இதை ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது. பலருக்கும் தெரியாத இடம் இதுதான்.

எங்களுக்குத் தெரிந்த குடும்பம். கணவன், மனைவி இருவருக்குமே நிரந்தரக் குடியுரிமை இருந்தது. திருச்சியில் அந்த அம்மாளின் தாயார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "மூணு வாரத்தில் வந்துடுவேன்" என்று கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஆபரேஷன், பிசியோதெரபி, படுக்கைப் புண், மறுபடி ஆஸ்பத்திரி. ஒரே பெண். தாயாரை யாரிடம் விட்டுவிட்டு வருவது? மூன்று வாரம் மூன்று மாசமாகி, மாசங்கள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டன. தூதரகத்தில் கேட்டால், 'உங்கள் அந்தஸ்து முடிந்துவிட்டது அம்மா' என்று மரியாதையாகச் சொன்னார்கள். பதினோரு வருஷம் அங்கே வாழ்ந்ததற்குக் கிடைத்த நிரந்தரம், நிரந்தரமாகப் போய்விட்டது. கணவரும் பையனும் டோக்கியோவில், இவர் திருச்சியில். கணவர் காகிதங்கள் சேர்த்து, 'நிரந்தரக் குடியாளரின் மனைவி' என்று புது விசா வாங்கி அழைத்துவர மேலும் சில மாசங்கள்.

"எங்கம்மா காலண்டரைப் பார்த்தா விழுந்தாங்க?" என்று அவர் என் மனைவியிடம் கேட்டார். அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

இத்தனைக்கும் பழைய முறை பர்மிட் ஒழிந்துவிடவில்லை. இன்றும் கேட்டு வாங்கலாம். அதிகபட்சம் ஐந்து வருஷம், விசாவுக்கு மிச்சம் அதைவிடக் குறைவென்றால் அந்த அளவு. தக்க காரணம் இருந்தால் வெளிநாட்டில் இருந்தபடியே ஜப்பான் தூதரகத்தில் விண்ணப்பித்து ஒரு வருஷம்வரை நீட்டிக்கவும் வழி உண்டு. மினாஷியில் இல்லாத சௌகரியம் இதுதான். ஊரில் வயசான அப்பா அம்மா இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, இலவசம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஷினகவா போய்விடுங்கள். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, ஒரு ஃபாரம், நம் ஊர் கோர்ட் ஸ்டாம்ப் மாதிரி ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். 2025 ஏப்ரலில் கட்டணத்தை சிங்கிளுக்கு 4,000, மல்டிபிளுக்கு 7,000 யென் என்று ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் வழியாக விண்ணப்பித்தால் ஐந்நூறு குறைவு. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அந்த பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதுசு வாங்கினால் பழையதையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். பீரோவில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

துண்டு போட்டிருந்தும் ஸீட் கிடைக்காத ஒரு காலமும் வந்தது. 2020, கொரோனா. ஏப்ரலிலிருந்து ஜப்பான் வரிசையாக நாடுகளைப் பட்டியல் போட்டுக் கதவைச் சாத்தியது. மே மாதக் கடைசியில் பட்டியலில் இந்தியாவும் சேர்ந்தது. ஜப்பான் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் திரும்பி வரலாம். செல்லுபடியாகும் பர்மிட்டோடு காத்திருந்த வெளிநாட்டவர் பலரால் வர முடியவில்லை. எங்கள் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் அதிகம். எதிர் ஃபிளாட்காரர் மதுரையில் மாட்டிக்கொண்டார். இங்கே பூட்டிய வீட்டுக்கு மாசாமாசம் வாடகை. பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. செப்டம்பரில், டெஸ்ட் சர்டிபிகேட், தூதரகக் கடிதம் என்று நிபந்தனைகளோடு கதவு திறந்தது. வந்து இறங்கியவர் முதலில் கேட்டது, "துளசி இருக்கா சார்?"

இருந்தது.

அந்தத் திருச்சி அம்மாளைப் போன மாசம் மளிகைக் கடையில் பார்த்தோம். தாயார் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாராம். பையனின் பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போகிறார்கள். ஹாண்ட்பேக்கைத் திறந்து பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த மல்டிபிள் ஸ்டிக்கரைக் காட்டினார்.

"ஒரு மாசம்தான் மாமி போறேன். இருந்தாலும் ஏழாயிரம் கட்டிட்டேன்" என்றார்.