டென்மார்க் பன்றிகளும் தடுப்பூசி வைரஸ்களும்

பிஆர்ஆர்எஸ் என்கிற நோய் வந்தால் தாய்ப்பன்றி சினை முற்றும் தறுவாயில் கருவைக் கலைக்கும். குட்டிகள் மூச்சிரைத்துச் சாகும். சில பன்றிகளுக்குக் காது நீலம் பாரிப்பதால் நீலக்காது நோய் என்ற பெயரும் உண்டு. 1980களின் கடைசியில் அமெரிக்காவிலும் அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் தலைகாட்டியது. இரு கண்டங்களிலும் அறிகுறிகள் ஒன்றுதான். மரபுத் தொடரைப் படித்தபோதோ இரண்டு வைரஸ்களுக்கும் ஏறக்குறைய 40 சதவீத வேறுபாடு இருந்தது. இப்போது அவற்றைத் தனித்தனி இனங்களாகவே வகைப்படுத்துகிறார்கள். சுமார் 15,000 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ இழைதான் இந்த வைரஸின் மரபுத் தொடர். தூரத்து உறவான கொரோனாவுக்குப் படியெடுக்கும்போது பிழைதிருத்தும் நொதி உண்டு; இதற்கு அது இல்லை. பிழைகள் அப்படியே தங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் செய்யும்.

இப்படி மாறிக்கொண்டே இருப்பதை யார் தடுப்பது என்று கைவிரித்துவிடலாம். ஆனால் பிழை வைரஸுடையது என்றாலும், அது ஊரூராகப் போக வழி போடுவது பன்றித் தொழில்தான் என்பதற்கு டென்மார்க்கே சாட்சி. அங்கே ஐரோப்பிய வகை மட்டுமே இருந்தது. 1996இல், அமெரிக்க வகையின் வீரியத்தைக் குறைத்துச் செய்த உயிருள்ள தடுப்பூசியைப் போட்டார்கள். அந்த வைரஸ் ஊசி போடாத மந்தைகளுக்கும் பரவி, பழைய வீரியம் திரும்பி, கருச்சிதைவை உண்டாக்கியது. இன்று அங்கே இரண்டு வகைகளும் உள்ளன. 2019இல் இன்னும் விசித்திரம்: இரு வேறு தடுப்பூசி வைரஸ்கள் கலந்து பிறந்த ஒன்று, விந்து வழங்கும் ஆண்பன்றி நிலையத்துக்குள் நுழைந்தது. சினை ஊசிக்காகப் போன விந்தோடு அதுவும் பல பண்ணைகளை எட்டியது.

அப்படியானால் தடுப்பூசியே வேண்டாமா? அது அவசர முடிவு. செத்த வைரஸால் செய்த ஊசிகள் தரும் காப்பு குறைவு. உயிருள்ளவை நோயின் கடுமையையும் வைரஸ் வெளியேறும் அளவையும் குறைக்கின்றன. ஒரே மந்தையில் வெவ்வேறு உயிருள்ள ஊசிகளைக் கலக்காமல், ஊசி போட்ட பன்றியையும் வைரஸ் சுமக்கும் பன்றியாகவே நடத்தினால் போதும். 2006இல் சீனப் பன்றிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வீரிய வகை ஊசியிலிருந்தா வந்தது என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அந்த மரபைச் சேர்ந்த வைரஸ் 2013இல் மிசோரமில் தென்பட்டதே, அது மலையேறித் தானாக வரவில்லை. பன்றிகளின் நடமாட்டத்தை அடக்கினால் பலன் உண்டு: 2007இல் நோய் நுழைந்தபோது ஸ்வீடன் அதை வேரோடு களைந்தது. அப்படி அடக்க, வைரஸ் வந்த வழி தெரிய வேண்டும். ஒரு வைரஸ் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்பதை வைத்து ஊசி பலிக்குமா என்று சொல்லிவிட முடியாது; எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லலாம். அதற்கும், வழக்கம்போல ஒரு மரபணுவை மட்டும் படித்தால் போதாது. கலப்பு வைரஸ் அப்போது பெற்றோரில் ஒன்றாகவே கண்ணுக்குப் படும். முழுத் தொடரையும் படித்ததால்தான் டென்மார்க்கில் இரண்டு தடுப்பூசிகளும் பிடிபட்டன.