மீன் தொட்டியில் கை விட்டீர்களா?

விரல் முட்டியில் ஒரு சின்னக் கட்டி. காய்ச்சல் இல்லை, பெரிதாக வலியும் இல்லை. முடக்குவாதத்துக்கு ஆண்டுக்கணக்காக மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் எடுப்பவர், மூட்டு நோய்தான் மறுபடி கிளம்புகிறது என்று நினைத்துக்கொள்வார். மருத்துவரும் அப்படியே நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டிவிடுவது உண்டு. உண்மையில் கட்டிக்குக் காரணம் ஒரு கிருமியாக இருந்தால், அதற்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற அந்தக் கிருமி, காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். 1926-ல் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த கடல்மீன்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார் ஆரன்சன் என்ற ஆய்வாளர். 1951-ல் சுவீடனில் நீச்சல்குளத்துக்குப் போனவர்களின் தோல் புண்களிலும் அகப்பட்டது. இன்று பெரும்பாலும் வீட்டு மீன் தொட்டியிலிருந்துதான் வருகிறது. தொட்டியைக் கழுவும்போது கூழாங்கல் கீறும். கட்டி தலைகாட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்குள் கீறல் யாருக்கு நினைவிருக்கும்?

இந்தக் கிருமிக்கு ஒத்துவரும் சூடு சுமார் 30 டிகிரி செல்சியஸ். உடலுக்குள் இருக்கும் 37 டிகிரி பிடிக்காது. அதனால்தான் விரல், புறங்கை, முழங்கை என்று குளிர்ந்த இடமாகப் பார்த்துக் குடியேறுகிறது. ஆய்வகத்திலும் இதே சிக்கல். வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் வளராது. 'கிருமி இல்லை' என்று அறிக்கை வந்துவிடும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இது தோலோடு நிற்கும். உடல் கிருமியைச் சுற்றிச் செல்களால் ஒரு மதில் எழுப்பிவிடும். டி.என்.எஃப் என்ற புரதம் இல்லாமல் அந்த மதில் நிற்காது. முடக்குவாதத்துக்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள் முடக்குவது அந்தப் புரதத்தைத்தான். அப்போது கட்டிகள் கையில் வரிசையாக மேலேறலாம்; தசைநார், எலும்புவரை போகலாம்.

அரிய நோய்தான். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளைப் பழிக்க நான் வரவில்லை. குணமாகும் நோயும்கூட. கிளாரித்ரோமைசின், எத்தாம்புட்டால் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். ஆனால் கட்டியைக் கண்ட பயத்தில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு அந்தச் சிறுநீரகமே போய்விடலாம்.

தொட்டி கழுவும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுங்கள். முடியாவிட்டால் கையுறை போடுங்கள். ஆறாத கட்டியோடு மருத்துவரிடம் போனால், வீட்டில் மீன் வளர்ப்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.