சீனியை எடுத்துவிட்டால் பிரவுனியில் என்ன மிஞ்சும்?

பிரவுனியில் சீனி எதற்கு என்று கேட்டால், “இனிப்புக்குத்தான்” என்று பெரும்பாலோர் சட்டெனச் சொல்லிவிடுவர். அது கால்வாசி பதில்தான். சீனியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறோர் இனிப்பைப் போட்டு பிரவுனி செய்து பார்த்தால் மீதி முக்கால்வாசி பதிலும் கிடைத்துவிடும். கடந்த விடுமுறையில் நான் அதைத்தான் செய்தேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். சென்ற ஆண்டு என் அப்பாவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது உறுதியானது. அதற்குப் பிறகு வீட்டில் பிறந்தநாள் அணிச்சல் வெட்டும்போதெல்லாம் தம் பங்கை வாங்கி, ஓசையில்லாமல் தம்பியின் தட்டில் வைத்துவிடுவார். யாரிடமும் எதுவும் சொல்லமாட்டார். அவர் தம் பங்கைத் தாமே உண்ணும்படி ஏதேனும் செய்ய முடியுமா, செய்தாலும் அது உண்மையிலேயே அவர் உடலுக்கு ஏற்றதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினேன்.

சீனி செய்யும் நான்கு வேலைகள்

முதல் வேலை இனிப்பு. இரண்டாவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. சீனி நீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல பிரவுனி இரண்டு நாள் கழித்தும் உள்ளே மென்மையாக இருக்கிறது. மூன்றாவது, பருமன். 200 கிராம் சீனி போடும் இடத்தில் சில சொட்டு இனிப்புச் சாற்றை மட்டும் விட்டால், கலவையில் ஒரு பெரிய பங்கே காணாமல் போய்விடும். நான்காவது, மேற்புறம் மெல்லிய தாள்போல் பளபளத்து வெடிக்கும் அந்த ஓடு. முட்டையில் கரைந்த சீனி, சூட்டில் மேலே காய்ந்து அந்த ஓட்டை உருவாக்குகிறது.

மாற்று இனிப்புகளில் பெரும்பாலானவை முதல் வேலையை மட்டுமே நன்றாகச் செய்கின்றன. மற்ற மூன்றுக்கும் நாம்தான் வேறு வழி பார்க்கவேண்டும்.

‘இயற்கை’ என்ற சொல் எதைச் சொல்கிறது?

நான் பொருள்களை எடுத்து வைத்தபோது பாட்டி எளிய வழி ஒன்றைச் சொன்னார். “குலா மலாக்கா போடேன். மரத்துல இருந்து வர்றதுதானே, ஒண்ணும் செய்யாது.” பல வீடுகளில் இந்த எண்ணம் உண்டு. ஆனால் குலா மலாக்கா, தேங்காய்ப்பூச் சீனி, கருப்பட்டி, தேன் ஆகிய எல்லாமே இயற்கையாகக் கிடைத்தாலும் சீனிதான். குலா மலாக்காவில் பெரும்பகுதி, நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ். மணமும் நிறமும் வேறு. இரத்தத்தில் சேரும்போது அதுவும் சர்க்கரையாகவே சேர்கிறது.

மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவர்கள் பொதுவாக நாடும் இயற்கை மாற்றுகள் மூன்று.

ஸ்டீவியா, தென்னமெரிக்காவின் பராகுவே பகுதியைச் சேர்ந்த ஒரு செடி. தமிழில் சீனித்துளசி என்பர். அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானது. சிறிது கூடினாலும் நாக்கின் பின்புறம் கசக்கும்.

லோ ஹான் குவோ நம் ஊருக்குப் புதிதன்று. சீன மருந்துக் கடைகளில் பழுப்பு நிறத்தில், கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிதாக உருண்டையாய்க் காய்ந்து கிடக்கும் பழம் அது. உடல் சூட்டைத் தணிக்கும் பானமாக அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். தென்சீனாவின் குவாங்சி வட்டாரத்தில் விளைகிறது. அதிலுள்ள மொக்ரோசைடு எனும் பொருள்தான் இனிப்பைத் தருகிறது.

மூன்றாவது எரித்ரிட்டால். பேரிக்காய், திராட்சை போன்ற பழங்களிலும் புளிக்கவைத்த உணவுகளிலும் சிறிதளவு இருக்கிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் குளுக்கோசை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது. பார்வைக்குச் சீனியைப் போலவே இருக்கும். இனிப்பு சீனியில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு. சீனியில் கிராமுக்கு 4 கலோரி என்றால், இதில் 0.2 மட்டுமே. சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, பெரும்பகுதி மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் இரத்தச் சர்க்கரையை இது உயர்த்துவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘லோ ஹான் குவோ சீனி’ என்று விற்கப்படும் பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் முதலில் இருக்கும் பெயர் எரித்ரிட்டால். சிங்கப்பூரில் பொட்டல உணவுகளின் பொருள் பட்டியல், எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே முதல் பெயர்தான் பொட்டலத்தின் பெரும்பகுதி. சில ஸ்டீவியா பொட்டலங்களில் முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும். இரண்டும் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றுபவை. முன்பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பதைச் சொல்வது பின்பக்கம்தான்.

நான்கு சிறு தட்டுகள்

மற்ற பொருள்கள் அனைத்தையும் ஒரே அளவில் வைத்து, இனிப்பை மட்டும் மாற்றி நான்கு சிறு தட்டுகளில் பிரவுனி செய்தேன்.

முதல் தட்டில் வழக்கமான சீனி. எதிர்பார்த்தபடி மேலே பளபளப்பான ஓடு, உள்ளே பிசுபிசுப்பான மென்மை.

இரண்டாவதில் ஸ்டீவியா சொட்டுகள் மட்டும். பருமன் இல்லாததால் தட்டையாக, உலர்ந்த ரொட்டித் துண்டைப்போல் வந்தது. கடைசியில் அதிமதுரத்தை மென்றதுபோன்ற சுவை நாக்கில் தங்கியது.

மூன்றாவதில் லோ ஹான் குவோ கலந்த எரித்ரிட்டால், சீனிமணி வடிவிலேயே. சூடாக இருக்கும்போது சீனி பிரவுனிக்கு மிக நெருக்கமாக இருந்தது. மறுநாள் காலையில் கடித்தால் ‘நறநற’வென்றது. எரித்ரிட்டால் நீரில் சீனியைவிடக் குறைவாகவே கரையும். ஆறும்போது மீண்டும் படிகமாகிவிடும். வாயில் புதினா மிட்டாய் போன்ற ஒரு குளிர்ச்சியும் தெரியும்.

நான்காவதில் அதே எரித்ரிட்டாலை மிக்சியில் நைசாகப் பொடித்து, சூடான உருக்கிய வெண்ணெயில் கலந்து சேர்த்தேன். மேல் ஓடு வரவில்லை, மேற்புறம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் நறநறப்பு பெருமளவு போய்விட்டது. எது எதுவெனச் சொல்லாமல் கொடுத்தபோது தம்பி முதல் தட்டையும் நான்காவது தட்டையும் காலிசெய்தான். அம்மா நான்காவதையே தேர்ந்தெடுத்தார்.

செய்முறை

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு, 16 துண்டுகள் வரும் அளவு இது.

வெண்ணெய் 115 கிராம், பொடித்த எரித்ரிட்டால்-லோ ஹான் குவோ கலவை 120 கிராம், முட்டை 3, பாதாம் மாவு 100 கிராம், சீனி சேர்க்காத கோக்கோ தூள் 40 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி, உடனடிக் காப்பித்தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

ஓவனை 175 டிகிரி செல்சியசில் சூடாக்குங்கள். வெண்ணெயை உருக்கி, சூடு ஆறுவதற்குள் பொடித்த இனிப்பையும் கோக்கோவையும் சேர்த்து மழமழவென்று வரும்வரை கலக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் முட்டைகளை ஒவ்வொன்றாக ஊற்றி அடியுங்கள். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். பிறகு மற்ற பொருள்களைச் சேர்த்துக் கலந்து, தாள் விரித்த தட்டில் ஊற்றி 20 முதல் 22 நிமிடம் வேகவிடுங்கள்.

எரித்ரிட்டால் சீனியைப்போல் சூட்டில் நிறம் மாறாது. எனவே நிறத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது. நடுவில் பல்குச்சியைக் குத்தினால் ஈரத்துகள் இரண்டு மூன்று ஒட்டவேண்டும். சுத்தமாக வெளியே வந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். கோதுமை மாவில் உள்ள பசைப்புரதம் பாதாம் மாவில் இல்லை. முட்டைதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. ஆகவே முழுதாக ஆறும்வரை வெட்டாதீர்கள், உதிர்ந்துவிடும். காப்பித்தூளும் உப்பும் கோக்கோவின் சுவையைத் தூக்கிக் காட்டி அந்தக் குளிர்ச்சி உணர்வை மறைக்க உதவும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், உண்ணுமுன் மைக்ரோவேவில் 10 விநாடி சூடாக்குங்கள்.

கணக்குப் போட்டபோது

200 கிராம் சீனி, 80 கிராம் கோதுமை மாவு கொண்டு இதே அளவில் செய்யும் வழக்கமான பிரவுனியில் ஒரு துண்டுக்குச் சுமார் 17 கிராம் மாவுச்சத்து வருகிறது. அதில் சீனி மட்டும் 12.5 கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. என் செய்முறையில் நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்தால் ஒரு துண்டுக்கு 2 கிராமுக்கும் குறைவு. அப்பா ஒரு துண்டு உண்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தார். அளவு ஏறக்குறைய அசையவே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால் நான்கு துண்டுகளைக் காணவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே, “சீனிதான் இல்லையேம்மா” என்றார்.

அன்றுதான் கலோரியையும் கணக்கிட்டேன். வழக்கமான பிரவுனி ஒரு துண்டுக்குச் சுமார் 140 கலோரி. என்னுடையது சுமார் 110. வெண்ணெயும் பாதாமும் கொழுப்பு நிறைந்தவை; சீனியை எடுத்ததால் அவை குறைந்துவிடவில்லை. நான்கு துண்டுகளில் 440 கலோரி, ஏறத்தாழ இரண்டு சிறு கிண்ணம் சோற்றுக்குச் சமம். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியுள்ள ஒருவருக்கு இது சிறிய எண் அன்று. தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ ஒண்ணுதான்” என்றார். மாவுச்சத்து குறைவு என்பதும் கலோரி குறைவு என்பதும் வெவ்வேறு என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அதன் பொருள் எங்கள் வீட்டு டப்பாவில்தான் புரிந்தது.

தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டியவை

எரித்ரிட்டால் அதிகமானால் சிலருக்கு வயிறு உப்பும். 2023ஆம் ஆண்டு ‘நேச்சர் மெடிசின்’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, இரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏற்படும் அபாயம் கூடுதலாக இருந்ததாகக் கூறியது. அது ஒரு தொடர்பைக் காட்டியதே தவிர, அதுதான் காரணம் என்று நிறுவவில்லை. நம் உடலே சிறிதளவு எரித்ரிட்டாலைத் தயாரிக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஆனாலும் நாள்தோறும் அள்ளிப் போடும் பொருளாக இதைக் கருதாமல் இருக்க அது போதிய காரணம். அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த ஸ்டீவியா உள்ளிட்ட சீனியற்ற இனிப்புகளை நம்பவேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எரித்ரிட்டால் போன்றவையும் அதில் சேரவில்லை.

பாதாம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பிரவுனி கூடாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவில் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கக்கூடும்; மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் எனும் இனிப்பை வாங்கவே வேண்டாம். சிறிதளவே அதன் உயிருக்கு ஆபத்து.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30ஆம் தேதி முதல் பொட்டலப் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு நடப்பில் இருக்கிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. சீனி அறவே இல்லாத பானமாக இருந்தாலும், மாற்று இனிப்பு சேர்த்திருந்தால் அதற்கு ‘ஏ’ தரம் கிடைக்காது. சீனியைக் குறைப்பதோடு, இனிப்புக்குப் பழகிய நாக்கையும் மெல்ல மாற்றவேண்டும் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். பிரவுனிக்கு அப்படி எந்த எழுத்தும் கிடையாது. எனவே நாமேதான் தரம் பார்க்கவேண்டும்.

நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு யோசனைகள். ஆறியவுடன் 16 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி உறையவைத்துவிடுங்கள். கைக்கு ஒன்றாகத்தான் வரும். அடுத்தமுறை செய்யும்போது இனிப்புக் கலவையை 120 கிராமிலிருந்து 110 ஆகவும், அதற்கடுத்து 100 ஆகவும் குறைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது 100 கிராமில் நிற்கிறோம். குறைத்ததை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.